வங்காலைக்குப் போகும் பிள்ளைகளும் ஒடியல் கூழும்

வணக்கம். ஹட்டனில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். முப்பது பிள்ளைகளை மன்னார் வங்காலைச் சதுப்பு நிலத்துக்குக் கூட்டிப் போகிறோம். பலர் கடலையே கண்டதில்லை. நடை முடிந்ததும் அங்கேயே கூழ் காய்ச்சிக் கொடுக்க ஆசை. எந்த மாதம் நல்லது? கூழுக்கு அளவு என்ன?
– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஜனவரிக் கடைசி அல்லது பெப்ரவரி. மழை ஓய்ந்திருக்கும், வலசைப் பறவைகள் இன்னும் திரும்பிப் போயிருக்கமாட்டா. வங்காலை 2010இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடம், 4,839 ஹெக்டேயர். முழுவதையும் பார்க்க நினைக்காதீர்கள், இரண்டு கிலோமீற்றர் போதும்.

நடக்கத் தொடங்குமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு கிலோ ஒடியல் மாவை, அதாவது காயவைத்த பனங்கிழங்கை இடித்த மாவை, நிறையத் தண்ணீரில் கரைத்து வையுங்கள். மா அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடவேண்டும். மூன்று தடவையாவது மாற்றாவிட்டால் கூழ் கசக்கும், பிள்ளைகள் வாயில் வைக்கமாட்டார்கள்.

காலை ஆறரைக்கு இறங்கி ஒன்பதரைக்குள் திரும்புங்கள். மலைக்குளிருக்குப் பழகிய உடம்பு, அங்கே நிழல் குறைவு. ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், தொப்பி கட்டாயம். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடிகட்டித் தின்னும். கூட்டம் ஒன்றாகத் தலை நிமிர்ந்தால் கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். மெதுவாகப் பின்வாங்குங்கள், வீணாய்ப் பறக்கும் ஒவ்வொரு தடவையும் அது தின்று சேர்த்த பலம் குறைகிறது. சேற்றில் பென்சில் நட்டதுபோல் நிற்பவை வெண்கண்டல் என்ற சதுப்புநில மரத்தின் மூச்சுவேர்கள், மிதிக்க விடாதீர்கள். அதன் இலையை நாக்கால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை மரம் இலைவழியே வெளியேற்றுகிறது. பாடப்புத்தகத்தில் எத்தனை பக்கம் படித்தாலும் இதற்கு ஈடாகாது.

திரும்பியதும் பத்து லீற்றர் தண்ணீரைக் கொதிக்க விட்டு, இரண்டு பிடி அரிசியும் அறுபது பலாக்கொட்டையும் முதலில் போடுங்கள். கொட்டையை உங்கள் ஊரிலிருந்தே கொண்டுபோகலாம். உலர்ந்த மணலில் புதைத்து வைத்தால் கெடாது. அரைவாசி வெந்ததும் ஒரு கிலோ மரவள்ளி, அரைக் கிலோ பயற்றங்காய். பிறகு இரண்டு கிலோ மீன், ஒன்றரைக் கிலோ நண்டு, ஒரு கிலோ இறால். செத்தல் மிளகாய் 75 கிராம், பூண்டோடு அரைத்துச் சேருங்கள். கால் கிலோ புளியின் கரைசலைக் கிழங்கு வெந்தபிறகே விடவேண்டும், முந்தினால் கிழங்கு விறைத்துப்போகும். கடைசியில் நெருப்பைக் குறைத்து, மாவைக் கரைத்த நிலையிலேயே ஊற்றி, அடி பிடிக்காமல் கிண்டுங்கள். உலர்ந்த மா போட்டால் கட்டிபடும்.

நண்டும் இறாலும் முன்பு சாப்பிடாத பிள்ளைகளுக்கு ஒவ்வாமை வரலாம். மரக்கறி மட்டும் போட்டு இன்னொரு பானையும், அதற்கென்று தனி அகப்பையும் வையுங்கள். குடிக்கப் பனையோலைப் பிளா அங்கேயே கோலித் தருவார்கள், பிளாஸ்டிக் கோப்பை கொண்டுபோகவேண்டாம்.