பைத்தானில் நமக்கென்று ஒரு பிழை: கேள்வி பதில்

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தைப் பதியும் சின்னப் புரோகிராம் ஒன்றை வைத்துப் பைத்தான் என்ற புரோகிராம் மொழியைப் பழகுகிற பிள்ளைகள், சொந்தமாக ஒரு பிழை வகையை உருவாக்குவது பற்றிக் கேட்டவை இவை.

மாங்குளத்திலிருந்து ஒரு தம்பி: பொருந்தாத மதிப்பு வந்தால் பைத்தான் காட்டும் வேல்யூஎரர் (ValueError) என்ற பிழை ஏற்கெனவே இருக்கிறதே அக்கா, புதிதாக ஒன்று எதற்கு?

'முப்பது' என்று எழுத்தில் அடித்ததை ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) மாற்றப் போனாலும் வேல்யூஎரர்தான் வரும். நடக்கவே முடியாத 360 அடி என்று வந்த அளவுக்கு நீங்கள் ரெய்ஸ் செய்வதும் (பிழையாக எழுப்புவதும்) அதுவே என்றால், அந்தப் பிழையை எக்செப்ட் போட்டுப் பிடிக்கிறவர் எப்படிப் பிரித்தறிவார்? பிழையோடு வரும் செய்தியை வாசித்துத்தான். பிறகு யாராவது செய்தியில் ஒரு சொல்லை மாற்றினால் எல்லாம் குழம்பிவிடும். பிழைகளுக்குப் பொதுவான எக்செப்ஷனிலிருந்து 'நீர்மட்டப்பிழை' என்று ஒரு கிளாஸ் (வகை) எடுங்கள், உள்ளே பாஸ் ('ஒன்றும் செய்யாதே' என்ற கட்டளை) போடுங்கள். இரண்டே வரி. பைத்தான் 3 தமிழ்ப் பெயரையும் ஏற்கும்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தங்கச்சி: எதைப் பிழை என்பது, எதை எச்சரிக்கை என்பது?

நல்ல கேள்வி. நான் அதிகம் யோசிப்பதே இதைத்தான். குளம் நிரம்பினால் 36 அடி. மாரியில் குளம் நிரம்பி வழிந்து வான் பாயும்போது 36.3 என்று வந்தால் அது நடக்கக்கூடியதே. அதைத் தடுத்தால், மிகவும் தேவையான நாளில் பதிவு இல்லாமல் போகும். எச்சரிக்கைகளுக்கான யூசர்வார்னிங்கிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்து வார்ன் செய்யுங்கள், வேலை தொடரும். 360 நடக்கவே முடியாது, யாரோ புள்ளியை விட்டிருக்கிறார்கள். அங்கே ரெய்ஸ் செய்து நிறுத்துங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: ஒரே வரியிலிருந்து அதே செய்தி திரும்ப வந்தால், பைத்தான் வழக்கமாக முதல் தடவை மட்டுமே காட்டும். உங்கள் எச்சரிக்கைக்கு, எப்போது காட்டுவது என்று சொல்லும் சிம்பிள்ஃபில்டரில் 'ஆல்வேஸ்' (எப்போதும்) கொடுத்துவிடுங்கள்.

வவுனியாவிலிருந்து: பிழையோடு அளவையும் அனுப்பலாமா?

அனுப்பத்தான் வேண்டும். கிளாஸின் இனிட்டில் (பிழை உருவாகும்போது ஓடும் பகுதியில்) செல்ஃப்.அளவு என்று வைத்து, செய்தியை சூப்பருக்கு (மூல கிளாஸுக்கு) கொடுங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து: எல்லாப் பிழையையும் பிடிக்க எக்செப்ட் எக்செப்ஷன், கீழே பாஸ் என்று போட்டால் புரோகிராம் நிற்காதே?

நிற்காது, அதுதான் ஆபத்து. ஒரு கார்த்திகையில் மழை பதியும் புரோகிராமில் நான் அப்படிப் போட்டேன். ஃபைலின் பெயர் மாறியிருந்தது. ஒன்பது நாள் மழை எங்கும் பதியவில்லை, திரையிலும் ஒரு சொல் வரவில்லை. அந்த நாட்களை இனி எடுக்க முடியாது. எக்செப்டில் நீர்மட்டப்பிழையை மட்டும் பிடியுங்கள். வேறொரு பிழையை உங்கள் பிழையாக மாற்றி அனுப்புவதானால் ரெய்ஸோடு ஃப்ரம் சேர்த்து எழுதுங்கள், மூலக் காரணமும் கூடவே தெரியும்.