ஓராண்டாகியும் கோல் அடிக்காத ஆப்பிரிக்க இளம் கால்பந்து வீரரைத் தேறாதவர் என்று முடிவு கட்டலாமா?

உங்கள் அபிமானக் கிளப் வாங்கிய பத்தொன்பது வயது வீரர் ஒருவர் மாற்று ஆட்டக்காரர்களின் இருக்கையிலேயே காலம் தள்ளுகிறார், அந்த எரிச்சலில்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். 2018இல் நைஜீரிய வீரர் விக்டர் ஒசிமெனைப் பற்றி நானும் அப்படித்தான் முடிவு கட்டினேன். அதோடு நில்லாமல், அதை இன்னொருவர் வீட்டு விவகாரத்தில் ஆதாரமாகவும் காட்டினேன்.

2014 முதல் 2019 வரை நைஜீரியாவின் லாகோஸ் நகரில் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்குப் பார்த்தேன். எங்கள் ஓட்டுநரின் வீடு ஒலுசோசுனில், நகரத்தின் பெரிய குப்பைமேட்டை ஒட்டி இருந்தது. மாலை நெரிசலில், அவ்வூரார் ‘கோ-ஸ்லோ’ என்பார்களே, அதில் வண்டிகளுக்கிடையே பையன்கள் ‘பியூர் வாட்டர்’ எனப்படும் குடிநீர்ப் பொட்டலங்களை விற்கச் சுமந்துகொண்டு ஓடுவார்கள். விக்டர் ஒசிமென் அப்படி ஓடியவர்தான். 2015இல் சிலியில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் அவர் 10 கோல்கள் அடித்து நைஜீரியா கோப்பையை வென்றபோது, ஓட்டுநர் தம் சொந்தப் பிள்ளை வென்றதுபோல் இரண்டு நாள் அதையே பேசினார்.

வீரர் வெளிநாட்டுக் கிளப்புக்கு மாற, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா பொதுவாக விதிக்கும் வயது 18 என்பதால், ஒசிமென் 2016 டிசம்பர் 29 வரை காத்திருந்து, அடுத்த மாதம் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க்கில் சேர்ந்தார். முழங்காலிலும் தோளிலும் மாறி மாறிக் காயம். லீக்கில் ஒரு கோல்கூட இல்லை. 2018 கோடையில் மலேரியா தாக்கி உடல் தேறாத நிலையில் பெல்ஜியத்தின் சுல்டே வாரெகெம், கிளப் ப்ரூஜ் இரண்டிலும் தேர்வுக்குப் போனார். இரண்டு கிளப்புகளும் அவரை வேண்டாம் என்றன.

அதே நாட்களில்தான் ஓட்டுநர் என்னிடம் ஐந்து லட்சம் நைரா கடன் கேட்டார். பதினேழு வயதான அவருடைய தம்பியைப் பெல்ஜியத்தில் தேர்வுக்கு அழைத்துச் செல்வதாக முகவர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் வந்திருந்தார். பயணச் செலவை முன்பணமாகக் கேட்டார். நான் மறுத்தேன். "உலகக் கோப்பையில் 10 கோல் அடித்தவனையே இரண்டு கிளப்புகள் திருப்பி அனுப்பிவிட்டன, உங்கள் தம்பியை யார் எடுப்பார்கள்?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற தம்பியும் அதைக் கேட்டான்.

பணத்தை மறுத்தது தவறென்று நான் இன்றும் கருதவில்லை. ‘ஏழையின் கனவைக் கெடுத்தவன்’ என்று யாரேனும் எழுதுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன். உண்மையான முகவருக்கு வீரரின் ஒப்பந்தத்திலிருந்தோ கிளப்பிடமிருந்தோதான் வருமானம் வரும். தேர்வுக்கு முன்பே குடும்பத்திடம் கைநீட்டுபவரைப் பார்த்தால் ஒதுங்கிப் போவதே நல்லது. மேலும் அந்தப் பையனுக்கு இன்னும் 18 ஆகவில்லை. ஒசிமெனே வயதுக்காகக் காத்திருந்தவர் என்று சொல்லியிருந்தால் போதும். சரியான காரணம் கையருகே இருக்க, ஒருவனை மட்டம் தட்டும் காரணத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்தக் காரணமும் சில மாதங்கள்கூடத் தாங்கவில்லை. அந்த ஆகஸ்ட்டிலேயே பெல்ஜியத்தின் சார்லெருவா கிளப் ஒசிமெனை வோல்ஃப்ஸ்பர்க்கிடமிருந்து கடனாக, அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், எடுத்துக்கொண்டது. அந்தப் பருவத்தில் 20 கோல்கள் வந்தன. 2019இல் பிரான்சின் லீல் கிளப்பும் 2020இல் இத்தாலியின் நாப்போலியும் அவரை வாங்கின. வோல்ஃப்ஸ்பர்க்கில் அவரிடம் இல்லாமல் போனது திறமையன்று, காயமில்லாத நான்கு மாதங்கள்தான் என்பது என் கணிப்பு. எனவே, உங்கள் கிளப்பின் பையனைப் பற்றி முடிவெடுக்குமுன் அவர் எத்தனை நிமிடங்கள் ஆடினார், எத்தனை வாரங்கள் சிகிச்சையில் இருந்தார் என்று பாருங்கள்.

எல்லோருக்கும் இப்படி அமைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சிலியில் தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து ஒசிமெனுக்கல்ல, அதே அணியின் தலைவர் கெலெச்சி நவாகாலிக்குத்தான் கிடைத்தது. அவரை இங்கிலாந்தின் ஆர்சனல் வாங்கியது. ஆனால் அதன் முதன்மை அணிக்காக ஓர் ஆட்டமும் ஆடாமல், கிளப் கிளப்பாகக் கடனில் சுற்றி, 2019இல் ஸ்பெயினின் உவெஸ்காவுக்குப் போனார். 2015இல் இருவரில் யார் பெரியவராவார் என்று என்னைக் கேட்டிருந்தால் நவாகாலி என்றே சொல்லியிருப்பேன்.

2023 மே 4 அன்று உதினேயில் ஒசிமென் அடித்த கோலால் ஆட்டம் 1-1 என முடிந்து, 33 ஆண்டுகளுக்குப் பிறகு நாப்போலி இத்தாலியின் சாம்பியன் ஆனது. அந்தப் பருவத்தில் 26 கோல்களுடன் இத்தாலியின் முதன்மை லீக்கான சீரி ஆவில் அதிக கோல் அடித்தவரும் அவர்தான். அன்றிரவு ஓட்டுநரிடமிருந்து வாட்சாப்பில் ஒரு காணொளி வந்தது, "ஓகா (முதலாளி), பார்த்தீர்களா?" என்பதைத் தவிர வேறொன்றும் அவர் எழுதவில்லை. பார்த்தேன் என்று எழுதிவிட்டுத் தம்பியைப் பற்றிக் கேட்டேன். லாகோஸின் இக்கேஜா பகுதியில் போன் பழுதுபார்க்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஆடுகிறான் என்று பதில் வந்தது.