லேன் அமைதியைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு

தம்பி, இங்கிலாந்தில் சஃபோக் மாவட்டத்து இப்ஸ்விச்சுக்கு வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, வார இறுதியில் ரோடு பைக்கில் லாவனம், கெர்சி மாதிரி பழைய கிராமங்களைச் சுற்ற ஆசை, எந்த பைக் வாங்கலாம், கிளப்பில் சேர வேண்டுமா, தனியாகப் போனால் வெள்ளைக்காரர்கள் ஏதாவது சொல்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பைக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் உயரத்துக்குச் சரியான அளவு, 28 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர், மட்கார்டு மாட்ட இடம். இவ்வளவு இருந்தால் போதும். கார்பனா அலுமினியமா என்பதைக் கடைக்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள், எனக்கு அதில் அக்கறை இல்லை.

"கார் வராத அமைதியான ரோடு" என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டுத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். அது கார் வராத ரோடு இல்லை, எப்போதாவது கார் வருகிற ரோடு. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். ஊர் முடிகிற இடத்தில் வெள்ளை வட்டத்தின் குறுக்கே கறுப்புக் கோடு போட்ட பலகை இருக்கும். அதைத் தாண்டினால் 60 மைல், நம் கணக்கில் கிட்டத்தட்ட 97 கிலோமீட்டர் வேகம் வரை சட்டம் அனுமதிக்கிறது. ரோடோ ஒரு கார் அகலம், நடுவில் புல் முளைத்திருக்கும், இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் உயிர்வேலி. பத்து நிமிஷமாக ஒரு வண்டியும் வரவில்லையே என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது, வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிறவரும் அதையே நினைத்துக்கொண்டுதான் வருவார். இப்படிப்பட்ட ஒடுங்கிய கிராமத்து ரோட்டைத்தான் லேன் என்பார்கள். சில லேன்களில் 'குவைட் லேன்', அதாவது அமைதியான லேன், என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அந்த போர்டால் வேக வரம்பு குறைவதில்லை.

அதனால் இடது பக்கம் வளையும் இடத்தில் வேலியோடு ஒட்டிப் போகாதீர்கள். கொஞ்சம் நடுப்பக்கம் வந்தால் எதிரே வருகிறவர் கண்ணில் சீக்கிரம் படுவீர்கள். கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் சரியான வேகம். காதில் பாட்டு வேண்டாம். டீசல் வண்டி என்றால் தூரத்திலேயே சத்தம் கேட்கும், இப்போது வருகிற எலக்ட்ரிக் கார்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறவரை தெரிவதில்லை.

அடுத்தது முள். இதை எந்த யூட்யூப் வீடியோவிலும் நான் பார்த்ததில்லை. பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை விவசாயிகள் வேலியை வெட்டக் கூடாது. செப்டம்பர் வந்ததும் டிராக்டரில் வெட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வேலியில் இருக்கும் ஹாதார்ன், பிளாக்தார்ன் இரண்டும் முள் செடி. ரோடு முழுக்கப் பொடிப்பொடியாகக் கிடக்கும். பஞ்சர் ஆனால் டியூபை மாற்றி உடனே காற்றடித்துவிடாதீர்கள். டயரின் உள்பக்கத்தை விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள், ஓரிடத்தில் சுருக்கென்று குத்தும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, முள்ளின் கொண்டை உடைந்து ரப்பரோடு சமமாக இருக்கும். உள்பக்கத்திலிருந்து அழுத்தி, வெளியே தலை காட்டியதும் நகத்தால் பிடித்து இழுக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் புது டியூபும் அரை மைலில் போய்விடும். இலையுதிர் காலத்தில் இரண்டு டியூப் இல்லாமல் நான் வாசலைத் தாண்டுவதில்லை.

அதே சமயத்தில் சுகர் பீட், அதாவது சர்க்கரை எடுக்கும் கிழங்கின் அறுவடையும் வரும். சஃபோக்கில் அது பெரிய பயிர், பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரிலுள்ள சர்க்கரை ஆலைக்குக் குளிர்காலம் முழுக்க லாரி ஓடும். வயலிலிருந்து டிராக்டர் ஏறும் இடத்தில் களிமண் அப்பிக் கிடக்கும். மழை தூறினால் சோப்பு மாதிரி வழுக்கும். அங்கே பிரேக்கைத் தொடாமல், ஹேண்டிலைத் திருப்பாமல், நேராக உருட்டிக்கொண்டு தாண்டிவிடுங்கள். குளிர் பூஜ்ஜியத்தை நெருங்கிய காலையில் லேனுக்கே போகாதீர்கள். பெரிய ரோட்டில் உப்பு போடுவார்கள், லேனில் போட மாட்டார்கள். மர நிழல் விழும் பள்ளத்தில் மத்தியானம் வரை பனி உருகாது, வெறும் ஈரம் போலத்தான் தெரியும்.

வெளிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜூனில் ராத்திரி ஒன்பது மணிக்கும் பொழுது சாயாது. டிசம்பரில் நாலு மணிக்குள் சூரியன் போய்விடும். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரும் சட்டப்படி கட்டாயம். ஹெல்மெட் கட்டாயமில்லை, ஆனால் போடுங்கள்.

குதிரை வந்தால் மணி அடிக்காதீர்கள், அது மிரளும். பின்னாலிருந்து வரும்போதே சத்தமாக 'ஹலோ' சொல்லுங்கள். குதிரைக்கு மனிதக் குரல் பழக்கம். மெதுவாக, நன்றாக ஒதுங்கிக் கடந்துபோங்கள். வழிவிட்ட கார்காரருக்குக் கை தூக்குங்கள். நம் ஆட்களில் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை, அப்புறம் 'இவர்கள் பழகவே மாட்டார்கள்' என்று புலம்புவார்கள்.

நம் ஆட்கள் என்றதும் கெர்சி ஞாபகம் வருகிறது. அந்த ஊரில் இரண்டு மேடுகள் இறங்கிச் சேரும் பள்ளத்தில் ஒரு ஓடை ஊரின் முக்கியத் தெருவுக்குக் குறுக்கே ஓடுகிறது. கார்கள் தண்ணீருக்குள்தான் போகும், வாத்துகளும் அங்கேதான் நிற்கும். போன வருஷம் லண்டன் பக்கமிருந்து நம் ஆட்கள் ஒரு குழுவாக வந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே டிசைன் ஜெர்சி, என் முதல் காரைவிட விலை கூடின பைக்குகள். ஒருவர் வீடியோவுக்காகப் பைக்கைத் தண்ணீருக்குள் விட்டார். அடியில் பாசி. வாத்து நகர்ந்து வழி விட்டது, சக்கரம் வழுக்கி அவரை விட்டுப் போய்விட்டது. நடந்து தாண்ட ஓரமாகப் பாதை இருக்கிறது தம்பி, இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அந்தக் குழு அங்கேயே காரில் பைக்கை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பியது. மேட்டிலிருக்கும் சர்ச்சுக்காவது ஏறிப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன், இல்லையாம்.

எனக்கு இந்த லேன்கள் பொழுதுபோக்காக வந்தவை இல்லை. 2003-இல் நர்ஸ் வேலைக்கு வந்தேன். அப்போது நம் ஊர் நர்ஸ்கள் முதலில் ஒரு நர்ஸிங் ஹோமில், அதாவது முதியோரைப் பராமரிக்கும் இல்லத்தில், 'அடாப்டேஷன்' என்ற பயிற்சியை முடித்தால்தான் இங்கே நர்ஸாகப் பதிவு கிடைக்கும். ஏஜென்ட் 'லண்டன் பக்கம்' என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டார். வந்து இறங்கினால் ஹேட்லி என்ற சின்ன ஊருக்கு அப்பால், சுற்றிலும் வயல். பேருந்து நாளைக்கு ஒன்றிரண்டு முறை, ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை. அரிசி வாங்கக்கூட யாராவது காரில் போகிறவர்களைக் கெஞ்ச வேண்டும். கூட வந்த பெண்கள் அறைக்குள் உட்கார்ந்து அழுதார்கள், நானும் சில நாள் அழுதேன். அப்புறம் அங்கே இருந்த ஒரு பாட்டியின் மகள், கொட்டகையில் கிடந்த பழைய ராலே லேடீஸ் சைக்கிளை எடுத்துக் கொடுத்தார். முன்னால் பிரம்புக் கூடை, மூன்று கியர், அதில் ஒன்று வேலை செய்யாது.

நான் புதுக்கோட்டைக்காரி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் பெண்களைச் சைக்கிள் ஏற்றிய ஊர் அது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல் குவாரிப் பெண்களும் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள், பள்ளிப் பிள்ளை நானும் கற்றேன். அப்படிப் பழகின காலுக்கு சஃபோக் மேடு ஒன்றும் பெரிதில்லை. இந்த மாவட்டத்தின் மிக உயர்ந்த இடமே 128 மீட்டர்தான். எதிர்க்காற்றுதான் ஆளைக் கொல்லும்.

கூடையில் அரிசியும் வெங்காயமுமாகப் போய்ப் போய்த்தான் ஊர்கள் பழக்கமாயின. வழி தவறினால் சர்ச் கோபுரம் எங்கே தெரிகிறது என்று பார்ப்பேன், கோபுரம் இருந்தால் ஊர் இருக்கும். மழை வந்தால் சர்ச் முகப்பில் ஒதுங்கிக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சில வீட்டு வாசலில் முட்டையும் ஜாமும் வைத்துப் பக்கத்தில் உண்டியல் வைத்திருப்பார்கள், காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

லாவனத்தில் வீடுகள் கோணல்மாணலாக நிற்பதைப் பார்த்து ஏதோ பழமைக்காகக் கட்டினது என்று நினைத்தேன். காயாத ஓக் மரத்தில் கட்டியதால் காயக் காய முறுக்கிக்கொண்டவை அவை. நீலக் கம்பளித் துணி நெய்து பணம் கொழித்த ஊர் அது. அந்தத் துணி வியாபாரிகளின் காசும் சேர்ந்துதான் 141 அடி சர்ச் கோபுரம் எழும்பியது. பிறகு நெசவு நொடித்தது, வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசில்லை. அப்படியே நின்றுவிட்டது. 1529 வாக்கில் கட்டிய கில்டுஹால் என்ற சங்க மண்டபம் பிற்காலத்தில் சிறையாகவும் ஏழைகள் விடுதியாகவும் இருந்திருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை சட்டென்று பிடிபடும்.

வெள்ளைக்காரர்கள் சொல்வார்களா என்று கேட்டீர்கள். பெரும்பாலும் 'மார்னிங்' சொல்வார்கள். கார் ஜன்னலிலிருந்து நிறத்தைச் சொல்லிக் கத்தியதே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட அதிகமாகத் திட்டு வாங்கியது சைக்கிளில் போனதற்காகத்தான், அதை எல்லா நிறத்துக்காரர்களும் சேர்ந்து வாங்குகிறார்கள்.

கிளப் உங்கள் இஷ்டம். முதல் சில மாதம் உள்ளூர்க் கிளப்பின் மெதுவான குழுவோடு போனால் குழி, வண்டி எல்லாம் கத்திச் சொல்லப் பழகுவீர்கள். நம் ஆட்கள் மட்டும் உள்ள குழு வேண்டாம் என்பது என் கருத்து, கோபித்துக்கொள்ளாதீர்கள். வாட்ஸ்அப்பில் பிரியாணி பேசுவதற்கே நேரம் சரியாக இருக்கும்.

வழிக்கு போனை மட்டும் நம்ப வேண்டாம், அது உங்களை உழுத வயலோரக் குதிரைப் பாதையில் கொண்டுபோய் விடும். அங்கே சைக்கிளுக்கு அனுமதி உண்டு, ரோடு பைக் டயருக்குத்தான் வழியில்லை. ஆர்டினன்ஸ் சர்வேயின் லேண்ட்ரேஞ்சர் 155 என்ற வரைபடத்தை வாங்குங்கள், ரோஜா நிற அட்டை. அதில் மஞ்சள் கோடுகள்தான் நம் ரோடுகள். ஏ1071, ஏ134 என்ற பெரிய ரோடுகள் இரண்டையும் குறுக்கே கடக்க மட்டும் பயன்படுத்துங்கள். களைத்துவிட்டால் சட்பரியிலிருந்து மார்க்ஸ் டே என்ற ஸ்டேஷனுக்கு ரயில் இருக்கிறது, பைக்கையும் ஏற்றலாம். அது சாப்பல் பாலத்தின் 32 வளைவுகளுக்கு மேலே போகும், ஜன்னலோரம் உட்காருங்கள்.

உடையைப் பற்றி ஒன்றே ஒன்று. ஜெர்சிக்கு வைத்திருக்கும் காசைக் கையுறையில் போடுங்கள். விரல் மரத்துப் போனால் பிரேக் பிடிக்க வராது.