வயலை மேடாக்கிக் கட்டும் வீடு எவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியுமா?

முடியும். நீங்கள் வயலில் மண்ணடித்து மாடி வீடு கட்டப் போவதாகச் சொல்கிறீர்கள். திருவாரூர், மன்னார்குடிப் பக்கம் இருபது வருடமாக வீடு கட்டிக் கொடுக்கிறேன். இங்கே போடும் கணக்கில் பெரும்பாலும் விட்டுப்போவது, மேடாக்கக் கொட்டுகிற அந்த மண்ணின் எடைதான்.

மணல் என்றால் கட்டக் கட்டவே இறங்கி முடிந்துவிடும். களிமண் அப்படியில்லை. சுமையை முதலில் தாங்குவது மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர். அது மெல்லக் கசிந்து வெளியேற, மண் அமுங்கும். மண் பொறியியலாளர் டெர்சாகி 1925இல் இதைக் கணக்கிட வழிமுறை தந்தார். அஸ்திவாரம் இறங்குவதைக் கணக்கிடும் நம் இந்தியத் தர விதி ஐ.எஸ். 8009ம் அதே வழிதான்.

ஒரு கணக்கு பார்ப்போம். ஒன்றரை மீட்டர் சதுர ஃபுட்டிங் (தூணுக்கு அடியில் போடும் கான்கிரீட் அடித்தளம்), தூணில் 15 டன். அதற்கு 3 மீட்டர் கீழே, 3 மீட்டர் தடிமனுள்ள இளகிய களிமண் அடுக்கின் நடுப்பகுதி. சுமை பரவிப் பரவி அங்கே போய்ச் சேரும்போது சதுர மீட்டருக்கு முக்கால் டன்தான். ஆனால் மனை முழுக்க ஒரு மீட்டர் மண் கொட்டினால் 1.8 டன் அப்படியே இறங்கும். அகலமான சுமை ஆழத்தில் குறையாது. அங்கே ஏற்கெனவே சதுர மீட்டருக்கு 3 டன் அழுத்தம், வெற்றிட விகிதம் (மண் துகள்களின் கன அளவுக்கு இடைவெளி எவ்வளவு என்பது) 1, திரவ எல்லை (களிமண் குழம்பாக மாறும் ஈரப்பத சதவீதம்) 43 என்று வைத்துக்கொண்டால், வீட்டுக்கு மட்டும் 43 மி.மீ. இறங்கும், மண்ணையும் சேர்த்தால் 120 மி.மீ. களிமண்ணில் கான்கிரீட் கட்டடத்தின் தனி ஃபுட்டிங்குக்கு, அஸ்திவாரத்துக்கான ஐ.எஸ். 1904 விதி அனுமதிப்பது 75 மி.மீ. மேலே வெயிலில் காய்ந்து இறுகிய மண்ணுக்கு இந்தக் கணக்கு கூடுதலாகவே காட்டும், அதனால் மண் பரிசோதனை இல்லாமல் யூகிக்க வேண்டாம்.

வீடு முழுக்க ஒரே சீராக இறங்கினால்கூடச் சமாளிக்கலாம். என் அக்கா வீட்டில் பாதி பழைய கொல்லை, பாதி தூர்த்த குட்டை. மூன்றாம் வருடம் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பியது. ஒரு ரூபாய் நாணயம் தாராளமாக உள்ளே போனது. பூசிப் பூசிப் பார்த்தும் நிற்கவில்லை.

அதனால் முதலில் மண்ணடியுங்கள், அப்புறம் அந்த எடைக்குக் களிமண் அமுங்கி முடியும்வரை காத்திருங்கள். எவ்வளவு நாள் என்பது களிமண்ணின் தடிமனைப் பொறுத்தது. தடிமன் இரண்டு மடங்கானால் காலம் நான்கு மடங்கு. மண் கொட்டும் முன்பே வயல் மட்டத்தில் ஓர் இரும்புத் தகடு வைத்து, அதில் குழாயை நிமிர்த்திப் பற்றவையுங்கள். தள்ளி இருக்கும் பழைய மதகை ஆதாரமாக வைத்து, மாதம் ஒருமுறை ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய ரசமட்டக் குழாய்) பிடித்து, நிமிர்ந்த குழாயின் நுனி உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையும் தாண்டி அளவு அசையாமல் நின்றால் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டலாம்.