நெதர்லாந்தில் ஹெல்மெட் இல்லாமலே சைக்கிள் ஓட்டுகிறார்களே, எப்படிப் பாதுகாப்பாக இருக்கிறார்கள்? மற்ற நகரங்கள் என்ன கற்கலாம்?

ஆம்ஸ்டர்டாம் வீடியோ ஏதோ பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் போல. டச்சுக்காரர்கள் ஒழுங்காக ஓட்டுவதால்தான் என்று நினைத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். இங்கே நெதர்லாந்தில், ஐந்தோவன் நகரில் ஆறு வருடமாக இருக்கிறேன். ஒரு கையில் குடை, கேரியரில் தோழி, சிக்னல் சிவப்பு. தினமும் பார்க்கிற காட்சி.

என் கதை சைக்கிளில் விழுந்த கதை இல்லை, காரால் தட்டிய கதை. நவம்பர் மாலை, தூறல். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்புகிறேன். இங்கே இப்படிப்பட்ட திருப்பங்களில் நடைபாதையும் சிவப்பு சைக்கிள் பாதையும் அறுபடாது. தெருவின் வாயைக் கடந்து அதே உயரத்தில் நேராகப் போகும், கார்தான் ஏறி இறங்க வேண்டும். ஆகவே காரை மெதுவாக உருட்டிக்கொண்டுதான் போனேன். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், லைட் இல்லை, எதிர்த்திசை, கையில் போன். பம்பர் முன்சக்கரத்தில் பட்டு விழுந்தான். முட்டியில் சிராய்ப்பு, சக்கரம் கோணல், போன் திரை நொறுங்கியது.

தப்பு அவன்மேல் என்று இன்ஷூரன்ஸ்காரர்களிடம் வாதாடினேன். எடுபடவில்லை. சைக்கிள்காரர்மேல் மோதினால் இழப்பீட்டுப் பொறுப்பு பெரும்பாலும் கார்க்காரருடையது. 14 வயதுக்குக் கீழ் என்றால், பிள்ளை வேண்டுமென்றே வந்து விழுந்தாலொழிய, முழுதும் நம் தலையில். (குற்றவாளி ஆக்கிவிடுவார்கள் என்று சொல்லவில்லை, பணம் மட்டும்தான். சட்டம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.) சைக்கிளில் போனைக் கையில் பிடிப்பது 2019 ஜூலையிலிருந்து தடை. அந்தப் போனுக்கும் சேர்த்தே கொடுத்தார்கள்! இங்குள்ள தமிழர் வாட்ஸ்அப் குழுவில் புலம்பினால், ஆறுதல் ஒன்றுகூட இல்லை, சிரிக்கிற பொம்மைகள்தான் வந்தன.

மனைவி கேட்டது ஒன்றுதான்: “அந்த மேடு இல்லன்னா நீங்க என்ன ஸ்பீடுல திரும்பியிருப்பீங்க?” நான் பதில் சொல்லவில்லை.

அந்த மேடெல்லாம் சும்மா வந்ததில்லை. 1971-இல் இந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் சுமார் 3,300 பேர், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்று பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அப்புறம்தான் சாலைகள் கொஞ்சம் கொஞ்சமாக மாறின. மற்ற ஊர்கள் கற்க நினைத்தால் திருப்பங்களில் கை வைக்கட்டும். ஓரத்தில் பெயின்ட் கோடு மட்டும் போட்டால் அதன்மேல் கார் நிற்கும், அவ்வளவுதான்.

ஹெல்மெட் வேண்டாம் என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை சாமி. 2022-இல் இங்கே 291 சைக்கிள்காரர்கள் இறந்தார்கள், நிறையப் பேர் வயதானவர்கள். என் மகளுக்கு நான் மாட்டித்தான் அனுப்புகிறேன்.

போன வாரம் அதே பையன், அதே எதிர்த்திசை, கையில் புதுப் போன். மேட்டுக்கு முன்னால் நிறுத்தி வழிவிட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.