நெப்டியூனின் துல்லியமான இடத்தைத் தொலைநோக்கியால் எப்படி அளக்கிறார்கள்?

தொலைநோக்கி எந்தத் திசையில் திரும்பியிருக்கிறது என்பதை வைத்து அளப்பதில்லை. அந்தத் துல்லியம் போதாது. சிசிடி (மின்னணு ஒளியுணரி) எடுத்த படத்தில் கோளுடன் விழும் விண்மீன்களின் இடங்களைக் கையா விண்கலம் அளந்த விண்மீன்களின் பட்டியலான கையா டிஆர்3-இலிருந்து எடுத்து, அவற்றின் சொந்த நகர்வைப் படம் எடுத்த தேதிக்குச் சரிசெய்து, படத்துக்கு ஆயத்தொலைவு (வானில் இடத்தைக் குறிக்கும் எண்கள்) பொருத்தி, அதிலிருந்து கோளின் இடத்தைக் கணக்கிடுவார்கள்.

தொல்லை தருவது கோள்தான். நெப்டியூனின் பொலிவெண் (எண் கூடினால் பொலிவு குறைவு) சுமார் 7.8, தட்டின் அகலம் ஏறக்குறைய 2.3 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு). மங்கலான விண்மீன்களுக்காக எக்ஸ்போஷரைக் கூட்டினால் கோளின் பிக்சல்கள் நிரம்பிவிடும்; மையம் பிசகும். அதனால் 13.5 பொலிவெண் கொண்ட, நெப்டியூனின் நிலாவான டிரைட்டனை அளந்து, அதன் சுற்றுப்பாதைக் கணக்கிலிருந்து நெப்டியூனின் இடத்தைப் பெறுவதும் உண்டு. அதற்கு முன் கோளின் சிதறொளியைக் கழித்தாக வேண்டும்.

அடிவானத்தருகே எடுக்கவே வேண்டாம். நீல ஒளி வளிமண்டலத்தில் கூடுதலாக விலகுவதால், சிவந்த விண்மீன்களை ஒப்பிடக் கோள் சற்று மேலே தெரியும். சிவப்பு ஃபில்டர் இதைக் குறைக்கும். மீத்தேன் சிவப்பை உறிஞ்சுவதால் கோளும் மங்கும். கோளின் பிக்சல்கள் எளிதில் நிரம்பாது என்பதால் இங்கே அது லாபம்தான்.