ஒலி எந்த இடத்தில் நின்றுபோகிறது? காது குறித்த வாசகர் கேள்விகள்

இம்முறை பதிலளிக்க எடுத்துக்கொண்ட கேள்விகள் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. கேட்டவர்கள் வெவ்வேறு வயதினர் என்றாலும், நான் ஒவ்வொரு கடிதத்திலும் தேடியது ஒன்றைத்தான்: காதுமடலில் புகுந்த ஒலி, மூளையை அடையும் முன் எந்த இடத்தில் தடைபடுகிறது? தடை வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருந்தால் பெரும்பாலும் நீக்கிவிடலாம். உட்காதில் என்றால் இருப்பதைக் காப்பதே முதல் வேலையாகிவிடும்.

கேள்வி: செம்பனை ஆலையில் கொதிகலன் பக்கம் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பிறர் பேசும் சத்தம் கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறார்கள் என்பது விளங்கவில்லை. இரவில் காதுக்குள் 'ங்ஙொய்' என்ற இரைச்சல் வேறு. காதைச் சுத்தம் செய்தால் சரியாகுமா?

பதில்: ஐயா, அழுக்கு அடைத்திருந்தால் எல்லா ஒலியும் ஒருசேர மங்கும். சத்தம் கேட்டும் சொல் பிடிபடாமல் போவது உட்காதின் அடையாளம். அங்கே ஏறத்தாழ இரண்டரைச் சுற்றாகச் சுருண்டிருக்கும் காக்லியாவுக்குள் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் சுமார் 3,500 செல்கள் நரம்புக்குச் செய்தி அனுப்ப, மற்றவை மெல்லிய அசைவைப் பெருக்கித் தருகின்றன. சுருளின் வாசலில் உள்ளவை கீச்சொலிகளையும், உச்சியில் உள்ளவை கனத்த ஒலிகளையும் கவனிக்கின்றன. ஆலை இரைச்சல் பெரும்பாலும் முதலில் கெடுப்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சொலிப் பகுதியை. உயிரொலிகள் கனத்தவை என்பதால் அவை தப்பிவிடுகின்றன. க, ச, த, ப போன்ற வல்லினத்தின் வெடிப்பும் உரசலும் மெல்லிய மேல்தொனியில் இருப்பதால் முதலில் உதிர்கின்றன. அதனால்தான் உங்கள் வீட்டம்மா 'பால்' என்றாலும் 'கால்' என்றாலும் உங்களுக்கு ஒன்றுபோலவே கேட்கும். மனிதனுக்கு இந்தச் செல்கள் அழிந்தபின் மீண்டும் முளைப்பதில்லை.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் வேலையிட இரைச்சல் விதிமுறைகளின்படி, எட்டு மணி நேர வேலைக்கான வரம்பு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாவதால், 88 டெசிபலில் நான்கு மணி நேரத்திலேயே அதே சுமை காதில் ஏறிவிடும். கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால், நீங்கள் அந்த வரம்பை ஒட்டி அல்லது தாண்டி நிற்கிறீர்கள் என்று கொள்ளலாம். அத்தகைய இடத்தில் காதடைப்பானும் ஆண்டுதோறும் செவித்திறன் சோதனையும் தர வேண்டியது முதலாளியின் கடமை.

அடைப்பானைப் பலர் காதின் வாசலில் சொருகியபடியே வேலை பார்க்கிறார்கள். அது பெயருக்குத்தான் பாதுகாப்பு. நுரைப்பஞ்சு அடைப்பானை விரல்களுக்கிடையே மெல்லிதாக உருட்டி, மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தியபின் அது விரியும்வரை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு தொழில்சார் நோய் என்பதால், சோதனை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் விண்ணப்பிக்கத் தயங்காதீர்கள்.

கேள்வி: ஐந்து வயது மகனுக்குச் சளி பிடிக்கும்போதெல்லாம் காதுவலி. மாமியார் நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றச் சொல்கிறார். ஊற்றலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. வலி இருப்பது செவிப்பறைக்கு அப்பால், நடுக்காதில். பறை கிழியாமல் இருந்தால் எண்ணெய் அங்கே போகாது, கிழிந்திருந்தால் போகக்கூடாத இடத்துக்குப் போய்விடும். நடுக்காதை மூக்கின் பின்புறத்தோடு இணைக்கும் யுஸ்டேஷியன் குழாய் சிறுவர்களுக்குக் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால், சளிக் கிருமிகள் எளிதில் ஏறிவிடுகின்றன. வலிக்கு, எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமால் கொடுத்துவிட்டு கிளினிக்கில் காட்டுங்கள்.

வலி நின்றபின்னும் ஒன்றைக் கவனியுங்கள். சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் பறையின் அதிர்வை ஏந்தி, அதைவிடப் பல மடங்கு சிறிய உட்காதுச் சாளரத்தில் குவிப்பதால், அழுத்தம் ஏறத்தாழ இருபது மடங்காகிறது. நடுக்காதில் நீர் தங்கினால் இந்தப் பெருக்கம் குன்றுகிறது. பையன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாலோ, கூப்பிட்டால் திரும்பாமலிருந்தாலோ அதைக் குறும்பென்று திட்டாதீர்கள். நீர் பெரும்பாலும் சில வாரங்களில் தானாக வடியும். மூன்று மாதமாகியும் அப்படியே இருந்தால் காது மூக்கு தொண்டை நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: தினமும் குளித்ததும் பஞ்சுக் குச்சியால் காதைத் துடைக்கிறேன். நல்லதா?

பதில்: கெட்ட பழக்கம். குறும்பி சுரப்பது செவிக்குழலின் வெளிப்புற மூன்றிலொரு பகுதியில் மட்டுமே. குழலின் தோல் பறையிலிருந்து வாசலை நோக்கி நகர்ந்து அதைத் தானே வெளியேற்றுகிறது. குச்சி அதைத் திரும்பவும் உள்ளே தள்ளுகிறது.

கேள்வி: கேமரன் மலை ஏறும்போது காது அடைப்பது ஏன்?

பதில்: உயரம் கூடக்கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறைய, நடுக்காதில் பழைய அழுத்தம் நிற்கிறது, பறை வெளிப்புறம் உப்புகிறது. எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ யுஸ்டேஷியன் குழாய் திறந்து சமமாகிவிடும். இறங்கும்போதுதான் தொந்தரவு அதிகம். கடும் சளி இருக்கும்போது பயணத்தைத் தள்ளிப்போடுவது நலம்.

கேள்வி: நேற்றுக் காலை எழுந்தபோது இடக்காது திடீரென்று கேட்கவில்லை. வலி இல்லை. குறும்பிதான் என்று மருந்துக்கடையில் சொட்டுமருந்து கொடுத்தார்கள்.

பதில்: வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று சற்று நேரம் முனகிப் பாருங்கள். அந்த ஒலி மண்டையோட்டின் வழியாக நேரே இரண்டு உட்காதுகளையும் அடைகிறது. அடைத்த காதில் ஓங்கிக் கேட்டால் தடை பெரும்பாலும் குறும்பியிலோ நடுக்காதிலோதான்; நல்ல காதில் ஓங்கிக் கேட்டால் பழுது உட்காதிலோ நரம்பிலோ இருக்கலாம். மருத்துவர் இசைக்கவை கொண்டு செய்யும் சோதனையும் இந்த அடிப்படையில்தான். உட்காதுப் பழுதென்றால் ஸ்டீராய்டு மாத்திரைகளை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவுக்குச் செவித்திறன் திரும்பும் வாய்ப்புண்டு. இரண்டு வாரம் கடந்தால் பயன் மிகவும் குறைந்துவிடும். முனகலின் விடை எதுவானாலும், சொட்டுமருந்தை வைத்துவிட்டு இன்றே மருத்துவமனைக்குச் சென்று, 'ஒரே இரவில் கேட்காமல் போயிற்று' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.